கேள்வி கிடைத்தது, ஓடர் எங்கே?

வருட இறுதி நெருங்கும்போது தமிழ்ப் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் அரச விளம்பரங்கள் பெட்டி பெட்டியாக நிறையும். அடுத்த ஆண்டுக்கான வழங்குநர்களைப் பதிவு செய்தல், வைத்தியசாலைக்குச் சமைக்காத உணவுப் பொருட்களை வழங்குவதற்கான விலைமனுக் கோரல் என்றெல்லாம் தலைப்புகள் இருக்கும். அந்த நாட்களில் வவுனியாக் கடைத்தெருவில் படிவமும் கையுமாக வந்து "நானா, இதுல என்ன விலை போடலாம்?" என்று கேட்கும் எமது இளம் வியாபாரிகள் பலர். என்ன விலை போடலாம் என்று கேட்கிறார்களே தவிர, எவ்வளவு எடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வாரம் அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

அரச டெண்டர் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. பாடசாலைக்கு ஐம்பது மேசை வேண்டும் என்று கேட்டால் அது ஐம்பது மேசைதான். கொடுத்து, கையொப்பம் வாங்கி, பில்லைக் கையளித்து, காசோலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் வைத்தியசாலைக்கு ஒரு வருடத்துக்குத் தேவையான பருப்பு எத்தனை கிலோ என்று டிசம்பரில் யாருக்குத் தெரியும்? எத்தனை நோயாளர் வருவார்கள், டெங்கு வருமா, வெள்ளம் வருமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆகவே அரச நிறுவனங்கள் ஒரு வழியைக் கையாள்கின்றன. ஒரு கிலோ என்ன விலை என்பதை மட்டும் வருடம் முழுவதற்கும் இப்போதே பேசிக் கட்டிக்கொள்கின்றன. அளவைத் திறந்தே விட்டுவிடுகின்றன. தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு ஓடர் வரும். இதைத்தான் அளவு நிச்சயிக்கப்படாத ஒப்பந்தம் என்கிறோம்.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. இதற்கு நியாயம் இருக்கிறது என்பதை எங்கள் மாவட்டத்தைவிட அறிந்த மாவட்டம் எதுவும் இருக்க முடியாது. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தபோது மூன்று இலட்சத்தை அண்மித்த மக்கள் இடம்பெயர்ந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தார்கள். பின்னர் கட்டங்கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறி முகாம் மூடப்பட்டது. இந்த மூன்று வருடத்தில் அடுத்த மாதம் எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை பேருக்குப் பாய், வாளி, சவர்க்காரம் என்று எவராலும் சொல்ல முடியாதிருந்தது. ஐ.நா. நிறுவனங்கள் வழங்குநர்களுடன் செய்துகொள்ளும் "நீண்டகால உடன்படிக்கை" என்பதும் இதே வகைதான். விலை கட்டப்பட்டிருக்கும், எவ்வளவு வாங்குவோம் என்ற உறுதி இராது. அந்தக் கடதாசியைக் காட்டி லொறி வாங்கியவர்கள் உண்டு. முகாமில் சனம் குறையக் குறைய லொறி நின்ற இடத்திலேயே நின்றது.

எனக்கும் அந்தப் பாடம் கிடைத்தது, கொஞ்சம் பிந்தி. யுத்தத்துக்குப் பின்னான வருடம் ஒன்றில் ஓர் அரச நிறுவனத்துக்கு உலர் உணவு வழங்கும் கேள்வி எனக்குக் கிடைத்தது. படிவத்தில் பருப்புக்கு எதிரே 6,000 கிலோ என்று அச்சடித்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். புறக்கோட்டையில் பருப்பு விலை இறங்கியிருந்த நேரம் பார்த்து அரை வருடத்துத் தேவை என்று 3,000 கிலோவை ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதிக் கடன். ஆற்றுகைப் பிணைக்காக வங்கியில் நிலையான வைப்பு ஒன்றும் முடங்கிக் கிடந்தது. அந்த வருடம் முழுவதும் அவர்கள் எடுத்த பருப்பு 1,140 கிலோ. மிச்சத்தில் வண்டு விழுந்தது. கோழித் தீனிக்காரருக்குக் கொடுத்தது போக மீதியைப் புடைத்துப் புடைத்துச் சில்லறையாக விற்றோம்.

போய்க் கேட்டேன். களஞ்சியப் பொறுப்பாளர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு, "முதலாளி, அது மதிப்பீடு தானே. அவ்வளவும் எடுக்கிறம் எண்டு நாங்கள் எழுதித் தரேல்லயே" என்றார். வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சிறிய எழுத்தில், இந்த அளவுகள் உத்தேசமானவை, கூடவோ குறையவோ கூடும் என்று இருந்தது. எல்லாப் பக்கத்திலும் என்னுடைய கையொப்பமும் இருந்தது.

அப்போது ஏமாற்றப்பட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு, சட்டம் படித்த நண்பர் ஒருவர் விளக்கியதும்தான் இது எவ்வளவு பழைய கதை என்று விளங்கியது. இலண்டனில் பேர்சிவல் என்ற கம்பனிக்கும் மாநகர சபையின் மனநோயாளர் இல்லங்களுக்குப் பொறுப்பான குழுவுக்கும் இடையில் இதே வழக்கு நடந்திருக்கிறது. தீர்ப்பு 1918இல். அட்டவணையில் உத்தேச அளவு போட்டிருந்தார்கள், எடுத்ததோ அதைவிட மிகக் குறைவு. கம்பனி நட்டஈடு கேட்டது. கிடைக்கவில்லை. நீ கொடுத்தது நிலையான ஒரு முன்மொழிவு, அவர்கள் ஓடர் போடும்போதெல்லாம் ஒவ்வோர் ஒப்பந்தம் பிறக்கிறது, ஓடர் இல்லாவிட்டால் ஒப்பந்தமும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்கும் முன்னர், 1873இல், இன்னொரு தீர்ப்பு. இதில் தப்பப் பார்த்தவர் வியாபாரி. பெரிய வடக்கு ரெயில்வே கம்பனிக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைக் கேட்கும்போதெல்லாம் தருவதாக ஒருவர் விலைமனுக் கொடுத்தார். சில ஓடர்களைக் கொடுத்துவிட்டு ஒன்றை மறுத்துவிட்டார். ரெயில்வே எதையும் வாங்குவதாக உறுதி தரவில்லை, ஆகவே நானும் கட்டுப்பட்டவன் அல்ல என்பது அவரது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. முன்மொழிவு நிலுவையில் இருக்கும்போது ஓடர் வந்துவிட்டால் அந்த ஓடரை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்றது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். வாங்குபவருக்கு வாங்கும் கட்டாயம் இல்லை. விற்பவருக்கு, கேட்டால் கொடுக்கும் கட்டாயம் உண்டு. கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கும்.

மூன்றாவது வழக்கு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1948இல் இந்தியாவில் மதராஸ் தென் மராட்டா ரெயில்வே 14,000 மணங்கு வெல்லத்துக்கு டெண்டர் கோரியது. எந்த நேரத்திலும் மிச்சத்தை இரத்துச் செய்யலாம் என்ற நிபந்தனை அதில் இருந்தது. வியாபாரி ஒருவருக்கு டெண்டர் கிடைத்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நான்கு தவணையாக, தவணைக்கு 3,500 மணங்கு தரவேண்டும் என்று திகதி குறித்து ஓடரும் வந்தது. முதல் தவணைத் திகதி கழிந்த சில நாட்களில் மிச்சம் வேண்டாம் என்று ரெயில்வே கடிதம் அனுப்பிவிட்டது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 1960களில் தீர்ப்பு வந்தது. ஓடர் போடப்படாத பகுதியை இரத்துச் செய்ய அந்த நிபந்தனை இடம் தருகிறது. ஆனால் இன்ன திகதியில் இன்ன அளவு என்று ஓடர் போட்ட பின்னர் அது முழு ஒப்பந்தம், அதை அந்த நிபந்தனையைக் காட்டி உடைக்க முடியாது. வியாபாரி வென்றார்.

இவை வெளிநாட்டுத் தீர்ப்புகள், எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் எமது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றி வந்தது. நியாயமும் எங்கும் ஒன்றுதான். ஆகவே கடையில் சுவரில் ஒட்டி வைக்கத்தக்க விடயம் இது: கேள்வி கிடைத்தது என்ற கடிதம் வேறு, திகதியும் அளவும் குறித்த ஓடர் வேறு. முந்தியதை நம்பி ஒரு மூடை கூட ஏற்றக்கூடாது. பிந்தியது கையில் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எங்களவர் பலர் செய்யும் பிழை, தொலைபேசியில் வந்த ஓடருக்குச் சாமான் அனுப்புவது. "பிறகு எழுதித் தாறம்" என்பார்கள். பிறகு எழுதுபவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். வாய்ச்சொல் ஓடரால் பில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனி மார்க்கத்தின் பக்கம். இப்படி அளவு தெரியாத வியாபாரம் கூடுமா என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார். கையில் இல்லாத பொருளை விற்பதைத் தடுக்கும் நபிமொழியும், அளவோ பொருளோ தெளிவில்லாத வியாபாரத்தில் உள்ள கரர் என்ற தடையும் நாம் அறிந்தவை. இதைப் பற்றி சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரியாத்தில் கூடிய 12ஆவது அமர்வில், வழங்கல் ஒப்பந்தமும் டெண்டரும் பற்றிய 107ஆவது தீர்மானத்தில் பேசியிருக்கிறது. செய்து கொடுக்கும் பொருளாயின் அது இஸ்திஸ்னாஃ. செய்து கொடுக்கத் தேவையில்லாத பொருளைப் பின்னர் தருவதாகப் பொறுப்பேற்றால், முழு விலையும் முன்கூட்டியே தரப்பட்டால் அது ஸலம். முழு விலையும் தரப்படாமல், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வாக்குறுதியாக இருந்தால் கடனுக்குக் கடன் விற்பதாகிவிடும், அது கூடாது. ஆனால் ஒரு தரப்பையேனும் கட்டுப்படுத்தாத வாக்குறுதியாக இருந்து, பின்னர் புதிய ஒப்பந்தத்தின் மூலமோ பொருளை ஒப்படைப்பதன் மூலமோ விற்பனை நிறைவேறினால் அது ஆகும்.

இதை வாசித்தபோது நான் வியந்து போனேன். இலண்டன் நீதிபதிகள் 1918இல் சொன்னதும் ரியாத்தில் உலமாக்கள் 2000இல் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. வருட ஒப்பந்தம் வெறும் வாக்கு, ஓடர்தான் வியாபாரம். எந்த அளவு திறந்திருக்கிறது என்று நாங்கள் வாங்குபவரைக் குறை சொல்கிறோமோ, அந்தத் திறப்பே இதை ஆகுமாக்குகிறது. மதீனாவாசிகள் கசாப்புக் கடைக்காரரிடம் தினமும் இறைச்சியை எடுத்துவிட்டுப் பின்னர் கணக்குத் தீர்த்த வழக்கத்தை இமாம் மாலிக் ரஹிமஹுல்லாஹ் ஏற்றுப் பேசியிருக்கிறார்கள் என்றும் உலமாக்கள் சொல்கிறார்கள். நான் ஆலிம் அல்ல. உங்கள் கையிலுள்ள படிவத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்வதே முறை. குறிப்பாகத் தாமதக் கட்டணம், வங்கிப் பிணை என்பவற்றைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆகும் என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. இந்த விடயத்தில் அமெரிக்காவிடமிருந்து ஒன்றைப் படிக்கலாம் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. உலகத்திலேயே இந்த வகை ஒப்பந்தத்தை அதிகம் பாவிக்கும் அரசாங்கங்களில் அதுவும் ஒன்று. ஈராக் யுத்தத்தில் அமெரிக்கப் படைக்குச் சமையல், கூடாரம், சலவை, எரிபொருள் எல்லாம் கே.பி.ஆர். என்ற கம்பனிக்கு ஓடர் ஓடராகப் போனது இப்படியான ஓர் ஒப்பந்தத்தின் கீழ்தான். 2001 டிசம்பரில் அது கையொப்பமானபோது ஈராக் யுத்தமே தொடங்கியிருக்கவில்லை. ஒரே கம்பனி, கேட்க ஆளில்லை, பில் மேல் பில். கண்டனங்கள் வந்த பின்னர் அடுத்த ஒப்பந்தத்தை மூன்று கம்பனிகளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் அந்த மூன்றும் தங்களுக்குள் விலை போட்டியிட வேண்டும் என்று மாற்றினார்கள். எங்களில் ஒருவர் இரண்டு மாம்பழம் கூடக் கொடுத்தால் கேள்வி கேட்கும் உலகம் அது, தன் வீட்டில் இப்படித்தான் நடந்தது.

ஆனால் அவர்களது சட்டத்தில் எங்களிடம் இல்லாத இரண்டு விடயங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அளவு நிச்சயமில்லாத ஒப்பந்தம் என்றாலும் குறைந்தபட்ச அளவு ஒன்றை அரசாங்கம் எழுத வேண்டும். அதுவும் பேருக்கு ஒன்றாக இருக்கக்கூடாது. அந்தக் குறைந்தபட்சத்தை எடுக்காவிட்டால் அரசாங்கம் பொறுப்புச் சொல்ல வேண்டும். மற்றது, பலர் தெரிவு செய்யப்பட்டிருந்தால் சிறு கொள்வனவுகள், சில விதிவிலக்குகள் தவிர ஒவ்வொரு ஓடருக்கும் அவர்கள் எல்லோருக்கும் நியாயமான சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். 1994இல் சட்டமாகவே இதைக் கொண்டு வந்தார்கள்.

இந்த இரண்டாவது விடயம் எங்கள் வழங்குநர் பதிவுக்கு நேரே பொருந்துகிறது. காகிதாதி, மின்சாதனம், கட்டடப் பொருள், வாகன உதிரிப்பாகம் என்று ஒவ்வொரு வகைக்கும் கட்டணம் கட்டிப் பதிகிறோம். பதிவு என்றால் வியாபாரம் கிடைத்தது என்று அர்த்தமல்ல. தேவை வரும்போது பட்டியலில் உள்ளவர்களிடம் கொட்டேஷன் கேட்பார்கள், குறைந்த விலைக்காரருக்கு ஓடர் போகும். பட்டியலில் முப்பது பேர் இருந்தாலும் கடிதம் போவது வழமையில் மூன்று பேருக்கு. அந்த மூவர் யார் என்பதை யார் தீர்மானிப்பது? சுற்று முறையில் அனுப்புகிறார்களா? இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் நீதியாகவும் பேச வேண்டும். கடிதம் கிடைத்த எங்களவர்களும் பாதிப் பேர் பதில் போடுவதில்லை. "சின்ன ஓடர் தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை பதில் வராவிட்டால் மூன்றாம் முறை எந்த லிகிதர் எங்களைத் தேடுவார்?

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. விலைமனுக்களை மதிப்பிடும்போது ஒவ்வொரு பொருளின் விலையையும் உத்தேச அளவால் பெருக்கி, கூட்டி, மொத்தம் குறைந்தவரைத் தெரிவு செய்வார்கள். இதில் ஒரு தந்திரம் ஓடுகிறது. கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன், விலைகளைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அரிசி 10,000 கிலோ, பருப்பு 2,000 கிலோ, ஆட்டிறைச்சி 500 கிலோ என்று படிவத்தில் இருக்கிறது. முதலாமவர் நேர்மையாக 220, 300, 3,000 ரூபா போடுகிறார். மொத்தம் 43 இலட்சம். இரண்டாமவர் அரிசிக்கு 235, பருப்புக்கு 320 என்று கூட்டிப் போட்டு, ஆட்டிறைச்சிக்கு மட்டும் 1,800 போடுகிறார். மொத்தம் 38 இலட்சத்து 90 ஆயிரம். கேள்வி அவருக்கு. ஆட்டிறைச்சி அங்கே வருடத்தில் 20 கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். வருட முடிவில் அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது 30 இலட்சத்து 26 ஆயிரம். முதலாமவரிடம் எடுத்திருந்தால் 28 இலட்சத்து 60 ஆயிரம்தான். "குறைந்த விலை" காரணமாக ஒரு இலட்சத்து 66 ஆயிரம் ரூபா கூடப் போய்விட்டது.

இது வியாபாரச் சாமர்த்தியம் என்று என்னிடம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவரிடம் தகவல் வாங்கி, அதற்குப் பிரதியுபகாரமும் செய்து வெல்வதற்கு லஞ்சம் என்றுதான் பெயர். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர்கள் என்பதை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் திங்கட்கிழமை மறக்கலாமா? போட்டியாளருக்குக் காசு கொடுத்து விலைமனுவை வாபஸ் வாங்க வைப்பதும் 1954ஆம் ஆண்டின் லஞ்சச் சட்டத்திலேயே குற்றம். இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மார்க்கத்தை விட்டாலும், கணக்கு ஒன்று இருக்கிறது. ஏதாவது காரணத்தால் அந்த வருடம் 500 கிலோ ஆட்டிறைச்சியையும் கேட்டுவிட்டால்? 1873ஆம் ஆண்டு இரும்பு வியாபாரியின் கதிதான். கிலோவுக்கு 1,200 ரூபா நட்டத்தில் கொடுத்தே ஆகவேண்டும். ஆறு இலட்சம்.

விலை உயர்வும் அப்படித்தான். 2022ஐ எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவை அண்டி இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். டிசம்பரில் கட்டிய விலைக்கு வருடம் முழுவதும் பருப்பும் சீனியும் கொடுக்கக் கையொப்பமிட்டவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு கூட ஓடர் வருகிறதோ அவ்வளவு கூட நட்டம். ஓடர் வரவில்லையே என்று அழுதவர்கள், அந்த வருடம் ஓடர் வருகிறதே என்று அழுதார்கள். விலைத் திருத்தம் பற்றிய வாசகம் படிவத்தில் இல்லாவிட்டால், வருட ஒப்பந்தத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை கோரும் இடங்களையே நான் விரும்புவேன். தேங்காய், மரக்கறி, மீன் போன்றவற்றுக்கு இது கட்டாயம். தம்புள்ளையில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அதை வருடத்துக்குக் கட்டுவது குதிரைப் பந்தயம் போன்றது.

வடக்கு முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடந்த காலங்களில் இதே மாதிரி வழங்கல் செய்ததற்கான சான்று கேட்பார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுக் கடைக்காரர்கள் கடையோடு கணக்குப் புத்தகத்தையும் பதிவுச் சான்றிதழையும் விட்டுத்தான் வந்தார்கள். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவரிடம் ஐந்து வருட அனுபவச் சான்று கேட்டால் அவர் எங்கே போவார்? வாப்பா காலத்தில் கச்சேரிக்கே சாமான் கொடுத்த குடும்பங்கள் இன்று அனுபவமற்றவர்கள் என்ற பட்டியலில். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தமிழ் வியாபாரிகளுக்கும் இதே நிலைதான். இதில் நாம் சேர்ந்து பேசலாம், பேச வேண்டும். சிறிய அளவு ஒப்பந்தங்களுக்கு அனுபவச் சான்றுக்குப் பதிலாக முதல் மூன்று மாதப் பரீட்சார்த்த ஓடரை வைக்கலாமே என்பது என் யோசனை.

அதுவரை சிறிய வழி ஒன்று இருக்கிறது. பாடசாலை, பிரதேச செயலகம் போன்றவற்றின் சிறிய கொட்டேஷன்களை நட்டமில்லாமல் நேரத்துக்குச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓடர் பிரதி, பொருள் ஏற்புச் சீட்டு, பணம் கிடைத்த காசோலைப் பிரதி மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். இரண்டு வருடத்தில் அதுவே சான்று. ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கேள்விக்குப் போவதானால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் பதிந்து, அந்தச் சான்றிதழை விலைமனுவோடு இணைக்க வேண்டும். இதை மறந்ததால் திறந்த மேசையிலேயே தள்ளுபடியானவர்கள் உண்டு. பெறுகை வழிகாட்டல்களும் மாறிவிட்டன. 2006ஆம் ஆண்டுக் கோவையை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து புதிய வழிகாட்டல்கள் நடைமுறையில் இருக்கின்றன.

இப்போது என்னிடம் படிவத்தோடு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலை எழுதுவதற்கு முன்னர் ஒரு கடிதம் எழுதுங்கள். விலைமனு மூடுவதற்கு முன்னர் விளக்கம் கேட்க விலைமனுதாரருக்கு இடமுண்டு. கடந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு பொருளும் உண்மையில் எத்தனை கிலோ வாங்கப்பட்டது? இவ்வருடம் குறைந்தது எவ்வளவு எடுப்பீர்கள்? ஓடர் போட்டு எத்தனை நாளில் சாமான் வேண்டும், சாமான் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும்? இவற்றை எழுத்தில் கேளுங்கள். முறையாக நடக்கும் இடத்தில் ஒருவர் கேட்டதற்கான பதில் படிவம் எடுத்த எல்லோருக்கும் போகும். அதனால் உள்ளிருந்து தகவல் வாங்கியவரின் தந்திரமும் அன்றே செத்துவிடும். பதில் வராவிட்டால் அச்சடித்த அளவில் கால்வாசிதான் எடுப்பார்கள் என்று எண்ணி விலை போடுங்கள். போக்குவரத்துக் கூலியை 6,000 கிலோவுக்குப் பங்கிடாமல் 1,500 கிலோவுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். விலை கூடுகிறதா, கேள்வி போய்விடும் போலிருக்கிறதா? போகட்டும்.

அதிகாரிகளும் இந்தப் பத்தியை வாசிக்கிறார்கள் என்று அறிவேன். அவர்களிடம் கேட்பது பெரிய விடயமல்ல. அட்டவணையில் உத்தேச அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டுக் குறைந்தபட்ச அளவை எழுதுங்கள். நூற்றுக்கு முப்பது என்றாலும் போதும். நோயாளர் எவ்வளவு குறைந்தாலும் அந்த அளவு அரிசியும் பருப்பும் எப்படியும் தேவைப்படும், அரசாங்கத்துக்கு இதில் ஒரு சதமும் நட்டமில்லை. அந்த முப்பதை நம்பி வியாபாரி மொத்தமாகக் கொள்முதல் செய்வார், விலையும் இறங்கும்.

சென்ற வருடம் இப்படி விளக்கம் கேட்டு மூன்று இளைஞர்களைக் கொண்டு மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதுவித்தேன். ஓர் இடத்திலிருந்து கடந்த வருட வாங்கல் விபரம் முழுவதும் ஒரு கிழமையில் வந்தது. இன்னோர் இடத்தில் கடிதம் கிடைக்கவே இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் "இப்படி ஒருத்தரும் கேட்டதில்லையே" என்று கணக்காளர் அழைத்துப் பேசிவிட்டு, அடுத்த முறை படிவத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இவ்வருடப் படிவம் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நீங்களும் எழுதிக் கேட்டால், வரும் பதிலில் ஒரு பிரதியை இப்பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.